அலமாரிக்குள் எடுத்த குரல்

மார்ச் 3, செவ்வாய்

தேதி குறித்தாயிற்று. பன்னிரண்டாம் தேதி காலை. தொண்டையில் இருக்கும் கட்டியோடு குரல்வளையையும் சேர்த்தே எடுத்துவிடுவார்களாம். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள். மூச்சு அது வழியாகப் போய்வரும். பேச்சு வராது. டாக்டர் இதைச் சொல்லும்போது பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். "உயிர் முக்கியம்னா வேற வழி இல்லம்மா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் தொணதொணவென்று பேசிக்கொண்டு வந்தேன். தீரப்போகிற சரக்கை யாராவது இப்படி வாரி இறைப்பார்களா? ஆனால் பேச்சை நிறுத்தப் பயமாக இருந்தது.

மார்ச் 5, வியாழன்

இத்தனை வருஷமாகக் கோரஸ் பாடியிருக்கிறேன். பின்வரிசையில் நிற்கிற ஏழெட்டுப் பேரில் ஒருத்தி. கூட்டத்தோடு கோவிந்தா. என் குரல் மட்டும் தனியாக ஒரு பாட்டில்கூட இல்லை. இதுவரை அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. இப்போது தோன்றுகிறது.

மகள் வாண்டுக்கு ஐந்து வயது. இந்த வயதில் கேட்ட குரல் ஒரு பிள்ளைக்கு எத்தனை நாள் நினைவில் நிற்கும்? அவள் பல் தேய்க்க அடம் பிடிப்பதைப் பற்றி நானே இட்டுக்கட்டிய நாலு வரிப் பாட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பாடித்தான் அவளைத் தூங்கவைப்பேன். அதையாவது ஒழுங்காகப் பதிவு செய்து வைக்கவேண்டும் என்றேன்.

"பாட்டோட, தினமும் அவகிட்ட சொல்றதையும் எடுத்து வச்சுடலாம். சாப்பிட வா, செருப்பை உள்ள வை... எல்லாம்" என்றார் இவர். ஊரார் பாட்டையெல்லாம் பதிவு செய்து கொடுக்கிற மனுஷன். வீட்டில் இருக்கிறவளை மைக் முன்னால் நிறுத்த இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது.

மார்ச் 7, சனி

படுக்கையறை அலமாரிதான் ஸ்டூடியோ. துணிகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி நடுவில் மைக். எனக்குப் பின்னால் இரண்டு கம்பளி. ஃபேனை நிறுத்தினார். உறுமுகிறது என்று ஃபிரிட்ஜையும் நிறுத்தினார். மேல்வீட்டு அம்மா நாற்காலி இழுத்து முடிக்கும்வரை வியர்த்துக்கொண்டே காத்திருந்தோம்.

ஹெட்போனில் என் குரல் வந்தது. கடவுளே. துணி கிழிக்கிற சத்தம். இரண்டாவது வரியின் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

"எக்கோ போடுங்க."

"இப்ப வேணாம்மா. சுத்தமா எடுத்துட்டா ரிவெர்ப், அதான் நீ சொல்ற எக்கோ, எப்ப வேணா சேர்த்துக்கலாம். சேர்த்துப் பதிஞ்சுட்டா அப்புறம் பிரிக்க முடியாது."

"அப்ப என் காதுல மட்டுமாவது போடுங்க. இல்லன்னா நான் பாடல. இப்ப எடுத்ததை முதல்ல அழிங்க. என் கண்ணு முன்னாடி அழிங்க."

அழித்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன். கத்தியதில் தொண்டை பிடித்துக்கொண்டது. ஃபிரிட்ஜைத் திரும்பப் போட இருவருமே மறந்து பால் திரிந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

கம்ப்யூட்டர் வழியாக எக்கோ போட்டால் என் குரல் எனக்கே இம்மி தாமதமாக வருகிறது; தாளம் தப்புகிறது. அதனால் பரணில் கிடந்த பழைய ரிவெர்ப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி மாட்டினார். ஒரு வயரைச் செருகிப் பிடுங்கி வேறு இடத்தில் மாட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அப்பாடா! பெரிய மண்டபத்தில் நின்று பாடுகிற மாதிரி இருந்தது. கரகரப்பெல்லாம் எங்கோ கரைந்துவிட்டது. இது நான்தானா? பாட்டை மூன்று தடவை பாடினேன். பிறகு அன்றாடப் பேச்சு. "செருப்பை உள்ள வை" என்று மைக்கிடம் சொன்னபோது இருவருக்கும் சிரிப்பு. கடைசியாக "அம்மா இங்கதான் இருக்கேன்" என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். முகம் கழுவ எழுந்து போய்விட்டார்.

"இப்ப எதையும் போட்டுக் கேட்க வேணாம், நீங்களும் கேட்காதீங்க. கேட்டா குறை கண்டுபிடிச்சு மறுபடி அழிக்கச் சொல்லுவேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்

நாளைக்கு. பையில் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

மார்ச் 24, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டேன். வாண்டின் சிலேட்டைக் கடன் வாங்கியிருக்கிறேன். இவரிடம் அதில் எழுதிப் பேசுகிறேன். அவளிடம் எப்படிப் பேச? அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. கை தட்டிக் கூப்பிடுகிறேன். நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி.

மார்ச் 28, சனி

'போடுங்கள், அவள் கேட்கட்டும்' என்று எழுதிக் காட்டினேன். "கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு" என்றார். நேற்றும் இதையேதான் சொன்னார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். என்ன வேலை?

ஏப்ரல் 1, புதன்

சொல்லிவிட்டார்.

"பெட்டியை மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல மாட்டிட்டேன். உன் காதுக்கு மட்டும் போகவேண்டியது பதிவுலயும் போயிடுச்சு. நானும் உன்னோடயே அதே ஹெட்போன் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன், அதான் தெரியல. நேத்து வேலைக்குச் சேர்ந்தவன்கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டான்."

எக்கோவை நீக்கிப் பார்த்த பதிவைப் போட்டுக் காட்டினார். தண்ணீருக்குள்ளிருந்து யாரோ முனகுகிறார்கள். பிறகு நீக்காததைப் போட்டார். 'செருப்பை உள்ள வை' – அசரீரி! வானத்திலிருந்து யாரோ எங்கள் வீட்டுச் செருப்பைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். சிரித்துவிட்டேன். சிரிப்பு என்றால் கழுத்துத் துளையில் புஸ்ஸென்று காற்று. அப்புறம் அழுதேன். அதற்கும் சத்தமில்லை.

செல்போன் வீடியோக்களிலும் தேடியிருக்கிறார். எல்லாவற்றிலும் வாண்டுதான் கத்துகிறாள். நடுவில் 'இங்க பாரு' என்று என் குரல் ஒரு துணுக்கு; அதன்மேல் ஒரு வண்டி ஹாரன்.

யாரைத் திட்ட? எக்கோ எக்கோ என்று ஒற்றைக்காலில் நின்றது நான். சுத்தமாகக் கிடைத்த ஒன்றரை வரியை அழிக்கவைத்ததும் நான். இவரையும் திட்டத்தான் பார்த்தேன். சிலேட்டில் ஒரு கெட்ட வார்த்தையை எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிப்போகிறது. சே.

ஏப்ரல் 10, வெள்ளி

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு கருவி கொண்டுவந்தாள். கழுத்தில் வைத்து வாயசைத்தால் பேச்சு வரும். வந்தது. வாண்டு ஓடிப்போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அது அம்மா இல்ல."

"பழகப் பழகச் சரியாயிடும்" என்றாள் அந்தப் பெண். கருவியை மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வாண்டு இவரிடம் கேட்கிறாள்: "அம்மா முன்னாடி எப்படிப் பேசுவாங்க?" ஒன்றரை மாதம்கூட ஆகவில்லையே, பாவி. அதற்குள்ளா?

இவர் என்னைக் கேட்காமலே 'சாப்பிட வா'வைப் போட்டுக் காட்டியிருக்கிறார். நான் சமையலறையில் இருந்தேன். வீடே அதிர்ந்தது. போய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். அது என் குரல் இல்லை. நான் ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மே 2, சனி

நான் இல்லாத நேரத்தில் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், அப்பனும் மகளும். கண்டுபிடித்துவிட்டேன். சிலேட்டில் 'எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்' என்று எழுதி அவர் மேஜையில் வைத்தேன். பார்த்தார். "நாளைக்குச் செய்றேன்" என்றார்.

மே 3, ஞாயிறு

பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாட வந்திருந்தது. கூடத்துத் தரை முழுக்கப் பொம்மைகள். நான் தட்டில் சாதத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தேன். கை தட்ட முடியவில்லை, இரண்டு கையிலும் தட்டு. உள்ளே இருந்து இவர் என்னைப் பார்த்தார். பொத்தானை அழுத்திவிட்டார்.

'சாப்பிட வா' என்று கூடம் முழுக்க உருண்டு வந்து நின்றது.

பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்துபோய், "யாரு அது?" என்றது.

"எங்கம்மா" என்றாள் வாண்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல். "எங்கம்மா குரல் அப்படித்தான் இருக்கும்."

பிறகு பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, கூடத்து அலமாரி மேலிருந்த ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்து, நான் கூப்பிட்டால் எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னாள்: "இதோ வர்றேம்மா."

நான் தட்டோடு அவளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் போய், இவர் மேஜையில் நேற்று வைத்த சிலேட்டைத் துடைத்துவிட்டேன்.