வகுப்பு வேண்டாம் என்று தூக்கிய ஒரே கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, என் தலைதான் கிறுகிறுத்துக் கிடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். எங்கள் சலவைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு நாற்பது வயதாகிறது, நம் முதியோர் வகுப்பின் வரலாற்றை நீங்களே எழுதுங்கள் என்று செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார், அந்த வகுப்பில்தானே நான் அ, ஆ கற்றேன். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். எவனோ நீட்டிய காகிதத்தில் என்ன ஏது என்று தெரியாமல் எல்லோரும் கைநாட்டு வைத்து, சங்கத்தின் நல்ல இயந்திரமே கையை விட்டுப் போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான், வேலை முடிந்ததும் தேய்ப்பு மேசைகளில் ஒரு மணி நேரம் எழுத்து, இன்று கற்றவர் நாளை பக்கத்து மேசைக்குச் சொல்லித்தர வேண்டும் என்று தீர்மானம். அன்றைய கூட்டத்துக்கு நான் போகவில்லை. வேண்டும் என்று ஐம்பத்திரண்டு கை, வேண்டாம் என்று ஒரே ஒரு கை. அது யாருடையது தெரியுமா, உன் அப்பாவுடையது! வகுப்பைக் கொண்டுவந்ததே நான்தான் என்று இன்றுவரை மார் தட்டுகிற மனுஷன்!

கேட்டால் முதலில், எழுதினவன் தப்பா எழுதிட்டான் என்றார். அப்புறம் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, “எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறது உனக்குத் தெரிஞ்சிடுமேன்னு தூக்கினேன்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான புதிதில் தினமும் பேப்பர் வாசித்துக் காட்டினாரே என்றால், அவ்வளவும் அவரே கட்டிவிட்ட கதையாம், நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறேன். வகுப்பு நேரத்தில் கொதிகலனை யாராவது பார்க்கணுமே என்று அங்கே போய் உட்கார்ந்துகொள்வார், அதைப் பொறுப்பு என்று நினைத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் கண்டுபிடிக்காதவள் வரலாறு எழுதுகிறாளாம்! கோபப்படுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை. எழுதினால் இத்தனை பேர் முன்னால் அவர் தலைகுனிய வேண்டும், மறைத்தால் கற்ற எழுத்துக்கே துரோகம். அவரோ காலையில் உள்ளதை எழுது என்கிறார், சாயந்திரம் வேண்டாம் என்கிறார். அந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன், நீயே சொல்.

இன்னொன்றும் உன்னைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் அப்பாவுக்கு மட்டும் என்று ஒரு தாளை மடித்து ஒட்டி அனுப்புவாயே, அவர் பதிலே போடுவதில்லை என்று அழுதாயே. ஒன்பது வருஷத்துத் தாளும் பெட்டியில் இருக்கிறது, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. நீ அவருக்கு மட்டும் எழுதியதாயிற்றே, யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார் பாவம். நேற்று எல்லாவற்றையும் என் மடியில் கொட்டி, “பிள்ளை கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் படி” என்றார். படிக்கலாமா கண்ணு?

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. பதிலை மட்டும் உடனே போடு, தபால்காரர் தெருவில் திரும்பும்போதே அப்பா வாசலுக்குப் போய்விடுகிறார்.

உன் அம்மா