பச்சையா, மஞ்சளா

எனக்கு மெஷின் மேல் நம்பிக்கை இல்லை என்று உங்கள் தங்கை கோயில் வாசலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது தவறு. நம் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சர்க்கரை பார்க்கும் மெஷின் சரியாகத்தான் சொல்கிறது. ஆனாலும் இன்று காலை நம் பழைய ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். அந்த வாசனை எழுந்ததும் நீங்கள் பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது.

உங்களுக்குச் சர்க்கரை வந்த புதிதில் வீட்டிலேயேதான் பார்த்தோம். சோதனைக் குழாயில் நீல மருந்து, அதில் உங்கள் சிறுநீர் சில சொட்டு. கொதிக்கவைப்பது என் வேலை. குழாயின் வாய் யார் முகத்துக்கும் நேராக இருக்கக் கூடாது என்று கான்வென்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததை நான் ஒரு நாளும் மீறியதில்லை. நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம். உங்களுக்கு வருவதோ எப்போதும் இரண்டுக்கும் நடுவே.

"நல்லாப் பாருடி, பச்சைதான்" என்பீர்கள். கண் சிறுமலைப் பழச் சீப்பின் மேல் இருக்கும்.

"சன்னல்கிட்ட வாங்க. மஞ்சளடிக்குது."

"அது உன் சேலைலேருந்து அடிக்குது. செத்தத் தள்ளி நில்லு."

அடுப்பில் உலை கொதிக்கும் வரை வாதாடுவோம். கடைசியில் உங்களுக்குப் பாதிப் பழம், மறுபாதி எனக்கு.

பிறகு மெஷின் வந்தது. விரலில் ஒரு குத்து, திரையில் ஓர் எண். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, உரிக்க எடுத்த பழத்தைச் சீப்பின் பக்கத்திலேயே வைத்துவிட்டீர்கள். "இதுகிட்ட என்னத்தப் பேச" என்றீர்கள். உங்கள் உடம்புக்கு அது நல்லதுதான் செய்தது, மறுக்கமாட்டேன். ஆனால் நிறத்தைப் பார்க்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. எண்ணுக்கு ஒருவர் போதும்.

இப்போது சர்க்கரை எனக்கு. மகன் காலையில் போன் செய்து, "எவ்வளவும்மா?" என்கிறான். சொல்கிறேன். "சரிம்மா" என்று வைத்துவிடுகிறான். சாப்பிட்டேனா என்று அவன் கேட்க வேண்டியதில்லை, எண்ணிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. நல்ல பிள்ளைதான்.

நீல மருந்து திண்டுக்கல்லில் எங்கும் இல்லை. செம்பட்டியில் ஒரு பழைய மருந்துக் கடையில் கிடைத்தது. குழாய் இப்போது சன்னல் விளிம்பில் இருக்கிறது. எனக்கு மஞ்சளாகத் தெரிகிறது. நீங்கள் போனதிலிருந்து கட்டுவது வெள்ளைச் சேலை, அதைக் காரணம் சொல்ல முடியாது. பழம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் உரிக்கவில்லை.

பச்சையா, மஞ்சளா என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.