செங்கொடியின் அளவுக்கு ஒரு பலகை

4.2.2007, ஞாயிறு

புளி வாங்கப் போன மனிதர், புளி இல்லாமல் ஒரு சர்ஃபிங் போர்டோடு வந்து நிற்கிறார். மகள் செங்கொடிக்காம். ஆபீஸ்காரர்களோடு கோவளம் போய் வந்ததிலிருந்து அலைமேல் நிற்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்பாவுக்கு அது மனதில் பட்டிருக்கிறது. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் பலகை? அவள் உயரம்கூட இல்லை. ஒல்லி, மெலிசு, மூக்கு ஊசி. போட்டிக்குப் போகிறவர்கள் ஓட்டுவதாம். ராயபுரத்தில் கப்பல் சாமான் விற்கும் சௌக்கத் அலி, இவருடைய துறைமுகக் காலத்துத் தோஸ்து, தலையில் கட்டிவிட்டார்.

அவள் இன்னும் ஒருமுறைகூட நின்றதில்லையே என்றேன். "மேல்தரமா வாங்கிட்டா திரும்ப வாங்க வேணாம்ல. போகப் போக பயகிடும்" என்கிறார். வளரும் பிள்ளைக்குத் தொளதொளவென்று யூனிபாரம் தைக்கும் அதே புத்தி. பெரிய ஷூவுக்குள் துணியைத் திணித்துப் போடலாம். இதில் எதைத் திணிப்பது?

11.2.2007, ஞாயிறு

கத்திவாக்கத்தில் பாறாங்கல் கொட்டாத மணல் துண்டு ஒன்று இருக்கிறது. அங்கே போனோம். செங்கொடி படுத்ததுமே பலகை பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. கை ஓயத் துழாவினாள். அலை அவளை விட்டுவிட்டுக் கடந்து போயிற்று. முட்டி போட்டாள், புரண்டது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், "டீச்சர் பொண்ணு முத்து குளிக்குதுபா" என்றார். இவர் குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்று "எந்திரி, எந்திரி" என்று கத்துகிறார். குடையைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

12.2.2007

வீங்கிய உதட்டோடு ஆபீஸுக்குப் போனாள்.

18.2.2007, ஞாயிறு

இன்றும் அதேதான். சாப்பிடும்போது "எனக்கு வராதும்மா, உடு" என்றாள். அதற்கு இவர்: "போர்டு ஃபஸ்ட் கிளாஸு. அவளுக்குத்தான் தெகிரியம் இல்ல."

இன்னா மனுசன் இவரு? வேலை பார்த்த காலமெல்லாம் கேட்ட பேச்சு இது. 'அ' எழுதத் தெரியாத குழந்தை கையில் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுப்பார்கள். படிக்காவிட்டால் மக்கு என்பார்கள். புத்தகத்தை ஒருவரும் திட்டமாட்டார்கள். இப்போது என் வீட்டிலேயே! என் பிள்ளையையே!

அவளுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டோமா? பாத்திரம் கழுவும்போது கேட்டேன்.

"போட்டிலாம் வேணாம்மா. ஒரு தபா நின்னுகினே கரைக்கு வரணும். அவ்ளோதான்."

கோவளத்தில் புதிதாக வருகிறவர்களுக்குக் கதவு மாதிரி நீளமாக, தடியாக ஒன்றைத்தான் தருவார்களாம். அது நன்றாக மிதக்குமாம், சின்ன அலைக்கே நகருமாம். தெரிந்துமா இரண்டு வாரம் அடிபட்டாய் என்றேன்.

"அப்பா ஆசையா வாங்கினு வந்தாரு. எப்டிமா சொல்றது?"

தூக்கம் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை— எல்லார்மேலும்தான்.

21.2.2007, புதன்

இவரிடம் சொல்லாமல் பலகையை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். ராயபுரம் வரை மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது, வழியெல்லாம் வசவு. கடை வாசலிலேயே கண்ணில் பட்டது: இரண்டு டயர்மேல் அழுக்கு மஞ்சளில் ஒன்பதடிப் பலகை. மேலே டீ கிளாஸ்கள், ஓரத்தில் மூன்று பேர்.

"டீச்சரம்மா, அது கெய்வி போர்டு. பெஞ்சா போட்டுக்கிறேன்" என்றார் சௌக்கத் அலி.

இத்தனை பேர் உட்கார்ந்தும் வளையவில்லையா பாய் என்று கேட்டேன். வளையாது என்றார். அதைக் கொடுங்கள், இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஓட்டத் தெரியாதவளுக்கு ஊசிப் பலகையை விற்றதற்கும் சேர்த்து நாலு வார்த்தை கேட்டேன். டீ குடித்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

வீட்டில் மஞ்சள் பலகையைப் பார்த்ததும் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். படுக்கட்டும்.

25.2.2007, ஞாயிறு

இவர் வரவில்லை. டீக்கறையோடு பெஞ்சு கடலில் இறங்கியது. முதலில் விழுந்தாள். பிறகு முட்டி. பிறகு ஒரு கால். வெயில் ஏறும் நேரத்தில் இரண்டு காலிலும் நின்றாள்! பலகை மணலில் தட்டி நின்ற பிறகும் இறங்கவில்லை, அப்படியே நின்றுகொண்டிருந்தாள். வலைக்காரர் பின்னுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4.3.2007, ஞாயிறு

இவர் ராயபுரம் போய்விட்டுச் சட்டையெல்லாம் டீயோடு திரும்பினார். சௌக்கத் அலி இப்போது அந்த ஊசியைத்தான் டயர்மேல் போட்டிருக்கிறாராம். இவர் டீ கிளாஸோடு அதன்மேல் உட்கார, பலகை புரண்டுவிட்டது.

சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அதுல ஒக்காரவே முடியல மலரு. அவ எப்டி நிப்பா?"

கோபம் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது.

புளி வாங்கி வந்திருந்தார். ஊறப் போட்டேன்.