ஒற்றைச் செடி

மகள்,

நீ அமெரிக்காவில யூட்டாப் பாலைவனத்தில பிடுங்கி லண்டனுக்கு அனுப்பின ஊதாப் பூச்செடி, காய்ஞ்சு தாளில ஒட்டுப்பட்டு, இண்டைக்கு காய்ஞ்ச செடியளைச் சேர்த்து வைக்கிற எங்கட ஹெர்பேரியத்தில என்ர மேசைக்கே வந்தது. லேபிளில உன்ர கையெழுத்து. அதைப் பார்த்துக் கணினியில பதியிறதுதானே என்ர வேலை.

பள்ளத்தாக்கின்ர அடியில, சிவப்பு மணலில, ஒரேயொரு செடிதான் கண்டது எண்டு எழுதியிருக்கிறாய். பிறகேன் பிடுங்கினாய்? இருபது நிண்டால்தான் ஒண்டை எடுக்கலாம். தனிய நிண்டால் படம் எடுத்துப்போட்டு விட்டிட்டு வரவேணும். இவ்வளவு படிச்ச உனக்கு இது தெரியாதோ?

பதியாமல் ரெண்டு தரம் எழும்பித் தேத்தண்ணி போட்டன், குடிக்கேல்லை. வீட்டுக்கு வரேக்க ரயிலில ஈஸ்ட் ஹாமில இறங்க மறந்து, கடைசி ஸ்டேஷன் அப்மின்ஸ்டர் மட்டும் போயிட்டன்.

அங்க தண்ணி கிடைக்குதோ, ஏன் போன் எடுக்கிறேல்லை எண்டெல்லாம் நான் கேக்கேல்லை. நான் சுகம். வீட்டில நான் ஒராள்தான் எண்டாலும் உன்ர அறைக்கும் ஹீட்டர் போட்டுத்தான் வைச்சிருக்கிறன்.

கோவிக்காதை பிள்ளை. செடியைப் பற்றித்தான் கேக்கிறன். இருந்தது ஒண்டே ஒண்டு. அதையும் கொண்டுபோனால், பிறகு அந்த நிலம் என்ன செய்யும்?

அம்மா