வேலிக்குப் பின்னால் லாரிச் சுரங்கம்

2004 பிப்ரவரி 3, செவ்வாய்

அந்தக் கம்பெனி எங்கள் தெருவைத் திருடுகிறது. இதற்கு நாகரிகமான வார்த்தை எதுவும் எனக்குத் தெரியாது.

இங்கே கனடாவிலிருந்து ஆற்றுக்கு அடியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் போகும் பழைய ரயில் சுரங்கத்தை லாரிச் சுரங்கமாக மாற்றப் போகிறார்களாம். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து நாற்பதடியில் வேலி, அதற்குப் பின்னால் தண்டவாளம். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அங்கே லாரிச் சாலை. இப்போது ஒரு நாளைக்குப் பத்து ரயில் போகிறது. இனி ஆயிரக்கணக்கில் லாரி. ஆற்றோரத்துப் பெரிய வீடுகளுக்குப் பின்னால் இப்படி ஒரு கோடு போடுவார்களா?

அப்பாவிடம் கத்தினேன். முப்பத்தோரு வருடம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டெட்ராய்டுக்கு லாரி ஓட்டியவர். "லாரியத் திட்டாதடி. உன் பல்லுக்குக் கம்பி கட்டினதே அந்த லாரிதான்," என்றார்.

பிப்ரவரி 10

சர்ச் ஹாலில் கம்பெனியின் விளக்கக் கூட்டம். பெரிய வரைபடங்கள், காபி, டோனட். பிடித்த இடத்தில் பச்சைப் பொட்டு ஒட்டலாம், பிடிக்காத இடத்தில் சிவப்பு.

மிஸஸ் கொலாட்டி எங்கள் தெரு எதிர்ப்புக் குழுவின் தலைவி. பள்ளி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் அதே குரல். "யாரும் உள்ள போகக் கூடாது. வருகைத் தாள்ல கையெழுத்துப் போட்டா சம்மதிச்ச மாதிரி ஆயிடும். புரிஞ்சுதா?"

புரிந்தது. மைனஸ் பதினாலு டிகிரி குளிரில் வாசலில் அட்டை பிடித்தபடி நின்றோம். நாற்பது பேர், இரண்டு மணி நேரம். ஒருவரும் உள்ளே போகவில்லை. கால் விரல்கள் இன்னும் என்னுடையவை போலில்லை. ஆனாலும் ஜெயித்துவிட்டோம்.

மார்ச் 4

ஜெயிக்கவில்லை.

கம்பெனியின் அறிக்கை வந்துவிட்டது. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். பச்சைப் பொட்டு நான்கு. சிவப்பு இல்லை. "குறிப்பிடத்தக்க எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை."

நாற்பது முட்டாள்கள் பனியில் நின்று நாங்களே எங்களை அழித்துக்கொண்டோம். நானும்தான். என் அட்டைதான் எல்லாவற்றிலும் பெரியது.

அந்த ஆறு பேர் யார் என்று பட்டியலைப் பார்த்தேன். மூன்றாவது பெயர்: லியோ ட்ரூயார். என் அப்பா!

"பச்சை ஒட்டினியா?"

"ஒண்ணும் ஒட்டல. குளிருச்சு, பின் வாசல் திறந்திருந்துச்சு. ரெண்டு டோனட் தின்னேன்."

"அப்பா!"

"ஒண்ணு நல்லால்ல."

மார்ச் 5

ஃபேக்டரி ஷிப்டில் ஹனானிடம் சொன்னேன். கார் சீட்டுக்கு உறை மாட்டும் வரிசையில் என் பக்கத்து இடம் அவளுடையது. குனிந்துகொண்டு அரை நிமிடம் சிரித்தாள். "பேர் குடுக்கப் பயந்தா கம்பெனிக்காரன் எப்படிடி எதிர்ப்ப எழுதுவான்? காத்துலயா?"

அவள் வீடு மேற்குப் பக்கம், பாலத்துக்குப் போகும் லாரிகள் நிற்கும் சாலையில். நகர மன்றத்தில் யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடம் பேசலாம், வியாழன் மதியம் பன்னிரண்டு மணிக்குள் பெயர் கொடுத்தால் போதும் என்று அவள்தான் சொன்னாள். எங்கள் முதல்வரம்மாவுக்கு அது தெரியாது.

மார்ச் 11, வியாழன்

எழுபத்தோரு பெயர்கள். அதில் பதினொன்று ஹனானின் தெருக்காரர்கள். இது உங்கள் சண்டையில்லையே என்று கேட்டேன். "லாரி எங்க நின்னாலும் புகை ஒண்ணுதானே. வாயை மூடிட்டு எழுது."

மார்ச் 16

நகர மன்றத்தில் இரண்டு சாயங்காலம் ஆனது. எழுபத்தோரு பேரும் பேசினோம். நான் ஐந்து நிமிடத்தில் நான்கைத் திட்டுவதற்கே செலவழித்தேன், வருத்தமில்லை.

சபையைத் திருப்பியது அப்பாதான். கம்பெனி காட்டிய படத்தில் மரங்கள், பளபளப்பான சாலை, ஓடும் லாரிகள். அப்பா அதையே விரலால் காட்டினார்.

"படம் அழகா இருக்கு சார். ஆனா எல்லையில லாரி ஓடாது. நிக்கும். அந்தப் பக்கம் சுங்கத்துல ஒருத்தன் ஒரு பெட்டியத் திறக்கச் சொன்னா, இந்தப் பக்கம் மூணு மைல் நிக்கும். இஞ்சின அணைக்க முடியாது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா பத்தடி நகரணும். முப்பத்தோரு வருஷம் நின்னிருக்கேன். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் வீட்டு ஜன்னலுக்கு நேரா."

கம்பெனி இஞ்சினியர் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

வெளியே ஹனான் அப்பாவின் தோளில் தட்டினாள். "அங்கிள், நீங்க நின்னது எங்க வீட்டு ஜன்னலுக்கு நேராதான்."

அப்பா சிரிக்கவில்லை.

மார்ச் 29

நகர மன்றம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது: எங்கள் தெருவழியாக வேண்டாம். மிஸஸ் கொலாட்டி வீட்டில் பீட்சா. அவர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

ஏப்ரல் 15

கம்பெனியின் புதிய வரைபடம் வந்திருக்கிறது. சுரங்கத்தை நீட்டி, அதன் வாயை இப்போது மேற்குப் பக்கம் வைத்திருக்கிறார்கள். ஹனான் வீட்டிலிருந்து இரண்டு தெரு.

நாங்கள் என்ன கேட்டோம்? "இங்கே வேண்டாம்." அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். எழுபத்தோரு பேர் பேசி, ஒருவர்கூட "எங்கேயும் வேண்டாம்" என்று சொல்லவில்லை. பதினொரு பேர் தங்கள் தலையில் தாங்களே மண்ணைப் போட எங்களுக்குக் கைகொடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 16

ஹனான் ஒன்றும் திட்டவில்லை. உறையை இழுத்து மாட்டிக்கொண்டே, "சனிக்கிழமை இருபத்துநாலாம் தேதி, எங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல நகர மன்றக் கூட்டம். வியாழன் மதியத்துக்குள்ள பேர் குடுக்கணும். உனக்குத்தான் முறை தெரியுமே," என்றாள். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 18

தெருவில் புல்தரைகளில் குத்தியிருந்த எதிர்ப்பு அட்டைகளை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். மிஸஸ் கொலாட்டியிடம் போனேன்.

"நம்ம வேலை முடிஞ்சுது நொயெல். அவங்க பகுதிக்கு அவங்க குழு இருக்கும். அங்க ஏற்கனவே லாரிப் போக்குவரத்து பழக்கம்தானே."

"பழக்கமா? புகை பழகுமா மேடம்?"

"குரலைத் தாழ்த்து."

தாழ்த்தவில்லை. குழுவின் பெயர்ப் பட்டியல் என்னிடமும் ஒரு பிரதி இருக்கிறது. இன்றே ஆரம்பிக்கிறேன்.

ஏப்ரல் 21

அறுபது வீடு ஏறி இறங்கினேன். "பார்க்கலாம்" சொன்னவர்கள் முப்பத்தெட்டு. கதவைத் திறக்காதவர்கள் பதினேழு. டிவி சத்தம் கேட்டது. வருகிறேன் என்றவர்கள் ஐந்து, அப்பாவைச் சேர்த்து. அப்பா கறுப்புக் கோட்டைத் தூசி தட்டி வைத்திருக்கிறார், தானாகவே. ஐந்து போதாது. ஆனால் மார்ச் நான்காம் தேதி எங்களிடம் ஒன்றுமே இல்லை. எனக்குப் பயமில்லை.

ஏப்ரல் 22, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு மிஸஸ் கொலாட்டியின் ஆன்சரிங் மெஷினில் பேசினேன். பத்தரைக்கு மறுபடி. பதினொன்று நாற்பதுக்கு மூன்றாம் தடவை, இப்படி:

"மேடம், அவங்க பதினொரு பேர் நமக்காக ரெண்டு சாயங்காலம் உக்காந்தாங்க. சனிக்கிழமைக்கு எனக்கு அறுபது பேர் வேணும். முதல் பேர் உங்களோடது. எழுதட்டுமா? பன்னிரண்டு மணிக்குள்ள சொல்லுங்க."

இப்போது மணி ஒன்று இருபது. போன் அடிக்கவே இல்லை.