திரைக்குப் பின்னால் இரண்டு ஒலிபெருக்கிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வரி வரமாட்டேன் என்கிறது. அம்மா நலம். முழங்கால் வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னார், அவள் நடப்பதெல்லாம் என்னைத் திட்டுவதற்காக அடுப்படியிலிருந்து கூடம் வரைக்கும்தான். என்னைப் பற்றிக் கீழே படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கம்பெனியின் பங்குதாரர் கூட்டம். முப்பத்தொரு வருடம் அங்கே ஒலிபெருக்கிகளைக் காதால் கேட்டுச் சோதித்தவன் என்பதால் ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு முதல் வரிசையில் நாற்காலி உண்டு. கம்பெனியை விற்பதா, இழுத்துப் பிடித்து நடத்துவதா என்பதுதான் பேச்சு. வாங்க வருகிறவர்கள் பேரை மட்டும் வைத்துக்கொண்டு தொழிற்சாலையை மூடிவிடுவார்களாம், தருகிற விலையோ நாம் போட்டதில் பாதிகூட இல்லை. ஒரு பல் டாக்டர் எழுந்து, பாட்டு இப்ப எல்லார் சட்டைப்பையிலயும் இருக்கு, அலமாரி மாதிரி பெட்டியை எவன் வாங்குவான் என்று கேட்டார். கடை வைத்திருக்கும் ஒருவர், பேரு இருக்குங்க, அந்தப் பேருக்கே இன்னும் பத்து வருஷம் ஓடும் என்றார். பின்வரிசையில் ஒரு பெண், காப்புரிமை எல்லாம் ரெண்டு வருஷத்துல முடியுது, அப்புறம் இந்த விலையும் கிடைக்காது என்று நிதானமாகச் சொன்னாள். தலைவர் உடனே திரையைக் கட்டச் சொன்னார். உனக்குத்தான் தெரியுமே, வருடா வருடம் எங்கள் ஒலிபெருக்கியையும் வேறு கம்பெனியுடையதையும் திரைக்குப் பின்னால் வைத்து ஒரே பாட்டை இரண்டிலும் போடுவார்கள், எது நல்லது என்று கை தூக்க வேண்டும். முதலில் நான் தூக்குவேன், என்னைப் பார்த்து மற்றவர்கள் தூக்குவார்கள், சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போவோம். இந்தத் தடவை முதல் பாட்டு தலையணைக்குள் இருந்து பாடுகிற மாதிரி கேட்டது. இரண்டாவதும் அப்படியே. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை கண்ணு. எல்லோரும் என் கையையே பார்க்கிறார்கள். குத்துமதிப்பாக இரண்டாவதற்குத் தூக்கினேன், பின்னால் அறுபது கை எழுந்தது. திரையை விலக்கினால் அது நடைபாதையில் குவித்து விற்கிற மலிவுச் சரக்கு. யாரும் சிரிக்கவில்லை. வாக்கெடுப்பைத் தபாலில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள்.

என் காது மங்கி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. யாரிடமும் சொல்லவில்லை. நீ போனில் பேசினால் சரிம்மா, சரிம்மா என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுவேனே, அதனால்தான், உன்மேல் கோபமெல்லாம் இல்லை. காதை வைத்துச் சோறு தின்றவன் இதை எந்த வாயால் சொல்வேன். அதுகூடப் போகட்டும், அத்தை விஷயம்தான் நெஞ்சை அடைக்கிறது. மாமா இறந்தபோது வந்த பணத்தை பேங்கில் போடுகிறேன் என்றவளைத் தடுத்து இந்தக் கம்பெனியில் போட வைத்தவன் நான். போன வருடம் நல்ல விலை இருந்தபோது, வித்துடவா அண்ணா என்று கேட்டாள். புதுப் பெட்டியை நானே கேட்டுப் பார்த்தேன், பிரமாதம், பொறுத்துக்கோ என்றேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, அன்றைக்கே எனக்குக் காது சரியில்லை. நேற்று அவளிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. பரண்மேல் கிடக்கும் தையல் மெஷினை இறக்கித் தரச் சொன்னாள், அவ்வளவுதான். அறுபத்து மூன்று வயதில் அவள் துணி தைத்துப் பிழைக்க வேண்டுமா.

நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் பேரில் வாங்கிய பங்குகளுக்கான வாக்குச்சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். விற்கலாம், வேண்டாம் என்று இரண்டு கட்டம். அத்தை இனி என் கையைப் பார்த்து எதுவும் செய்யமாட்டாளாம், நீ எதில் போடுகிறாயோ அதில்தான் அவளும் போடுவாளாம். பென்சிலால் குறித்து அனுப்பலாம் என்று மூன்று தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன். எனக்கு வழி தெரியவில்லை, நீதான் சொல்ல வேண்டும்.

இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். இருபதாம் தேதிக்குள் உன் பதில் இங்கே வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே. போனில் சொல்லாதே கண்ணு, எழுதி அனுப்பு. போனில் நீ எதைச் சொன்னாலும் நான் சரிம்மா என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா