பூட்டிய குழாயும் நான்கு தட்டுகளும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வலி மட்டும் வாடகை தராமல் குடியிருக்கிறது. உன் கடிதம் கிடைத்தது. "செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடும்மா, பிரச்சினை முடிஞ்சிடும்" என்று எழுதியிருக்கிறாய். கேட்க மாட்டேன்.

நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் போனில் உன்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். நடந்ததை நான் சொல்கிறேன். குடியிருப்புத் தோட்டத்தில், மரத்தடியில், நான்கு மண்தட்டுகளில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிறேன். தினமும் காலையில் தேய்த்துக் கழுவி மாற்றுகிறேன். அதில் கொசு வளருகிறதாம்; வளர நேரம் ஏது? இதைச் சொன்னால், "என் கார் மேல எச்சம் போடுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்கிறார். மரத்தடியில் காரை நிறுத்தினால் பறவை வேறென்ன செய்யும், பன்னீரா தெளிக்கும்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், இனி வைக்க மாட்டேன் என்று எழுதிய தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். மாட்டேன் என்றதும் இருபது பேர் பார்க்கக் கத்தினார். ரயில் நிலையத்தில் முப்பது வருடம் டிக்கெட் கொடுத்தவளுக்குச் சத்தம் புதிதா? தாளை நான்காக மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் தோட்டத்துக் குழாய்க்குப் பூட்டு. தட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. ஒரு குருவி வாயைத் திறந்தபடி அவற்றைச் சுற்றிச் சுற்றித் தத்திக்கொண்டிருந்தது. என்னால் பார்க்க முடியவில்லையடா.

உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. சிறுநீரகம் ஓய்ந்த பிறகு அப்பாவுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்றார் டாக்டர். பாட்டிலில் கோடு போட்டு அளந்து கொடுத்தேன். "ஒரே ஒரு வாய்... உனக்குத் தெரியாம குடிச்சேன்னு நினைச்சுக்கோயேன்" என்று கெஞ்சுவார். தரவில்லை. கடைசி நாளன்றும் தரவில்லை. டாக்டர் சொன்னது சரி. நான் செய்ததும் சரி. ஆனால் இனி ஓர் உயிரிடம் தண்ணீர் இல்லை என்று சொல்ல என்னால் ஆகாது. யார் கையெழுத்துக் கேட்டாலும் ஆகாது.

இப்போது சமையலறையிலிருந்து வாளியில் பிடித்து மூன்று மாடி இறங்குகிறேன். புதன்கிழமை, கார் ஓட்டக் கற்றுத்தரும் இரண்டாம் மாடிப் பெண் எதுவும் கேட்காமல் வாளியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். நேற்று செயலாளரின் மனைவியே ஐந்தாவதாக ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்து, "அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்க்கா" என்றாள். குழாயில் பூட்டு இன்னும் தொங்குகிறது. தொங்கட்டும்.

என் சார்பில் நீ அவருக்கு ஒரு வரிகூட எழுதாதே. அது மட்டும் எனக்குச் செய்.

வேலை மும்முரத்தில் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்காராதே. உன்னைத் தடுக்க அங்கே யாருமில்லை. வேண்டுமட்டும் குடி, கண்ணா. நன்றாக இரு.

என்றும் உன்,
அம்மா